ரோம்னி கம்பளியும் 72 பாயிண்ட் ஹேண்ட் கார்டரும்: சில வருஷ அனுபவம்

நியூசிலாந்துல இருந்துக்கிட்டு கம்பளி கிடைக்கலனு யாரும் சொல்ல முடியாது, ஷியரிங் சீசன்ல (ஆட்டு முடி கத்தரிக்கிற சமயம்) பண்ணையில கேட்டா ஒரு ஆட்டோட முழு ஃப்ளீஸையும் (ஒரே ஆட்டுல இருந்து கத்தரிச்ச மொத்த கம்பளி) சல்லிசா குடுத்துருவாங்க, பெரும்பாலும் ரோம்னி ஆடுதான். அத கையாலயே பக்குவம் பண்ணி ராட்டையில நூக்க நான் வச்சிருக்குறது ஆஷ்ஃபோர்ட் ஹேண்ட் கார்டர் (முடிய வாரி விடுற, கம்பிப் பல்லு வச்ச கைப்பலகை) ஒரு ஜோடி. ஆஷ்ஃபோர்ட், 1934ல ஆரம்பிச்ச, இங்க ஆஷ்பர்ட்டன்ல இருக்குற கம்பெனி. 72 பாயிண்ட்னா ஒரு சதுர இன்ச்சுக்கு 72 கம்பிப் பல்லு.

இத்தனை வருஷமா யூஸ் பண்ணிட்டு ஒண்ணு உறுதியா சொல்றேன், நல்ல ரோலாக் (வாரின கம்பளிய நூக்குறதுக்காக சுருட்டி எடுக்குற உருளை) வருமா வராதாங்குறது கார்டர கையில எடுக்குறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. முதல்ல ஃப்ளீஸ விரிப்புல பரப்பி, புழுக்கை ஒட்டின ஓரம், வயித்துப் பக்கத்து முடி எல்லாத்தையும் இரக்கமே இல்லாம பிச்சு கம்போஸ்ட்ல போட்டுருங்க. ரெண்டாவது தடவ கத்தரி பட்டு விழுந்த குட்டி குட்டி துண்டையும் உதறிருங்க, அதெல்லாம் அப்புறம் நூல்ல முடிச்சு முடிச்சா நிக்கும். ஒரு கத்தைய காதுகிட்ட ரெண்டு கையால சுண்டி இழுத்துப் பாருங்க, டிங்னு சத்தம் வந்தா முடி பலமா இருக்கு, நொறுங்குற மாதிரி கேட்டா அத நூக்காதீங்க.

கழுவுறதுலதான் பொறுமை வேணும். லனோலின், அதாவது கம்பளில இருக்குற கொழுப்பு, 40 டிகிரி பக்கத்துலயே உருகிடும், ஆனா முடிய விட்டு போகணும்னா தண்ணி 60 டிகிரி கிட்ட இருக்கணும். வலைப்பைல போட்டு, பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்த தண்ணில கால் மணி நேரம் சும்மா அமுக்கி வைங்க. கசக்கக் கூடாது, மேல நேரா குழாயத் திறந்து விடவும் கூடாது, கம்பளி இறுகி ஃபெல்ட் ஆயிடும். தண்ணி ஆறுறதுக்குள்ள வெளிய எடுக்கணும், இல்லனா கரைஞ்ச கொழுப்பு திரும்ப முடிலயே படியும், அலசுற தண்ணியும் அதே சூட்டுல இருக்கட்டும்.

காஞ்சதும் ஒவ்வொரு கத்தையோட நுனியையும் நாய்க்கு முடி சீவுற ஸ்லிக்கர் பிரஷ்ஷால திறந்து விட்டுட்டு, இடது கை கார்டர்ல பலகை தெரியுற அளவுக்கு மெல்லிசா ஏத்துறேன். வலது கை கார்டரால, சிக்கு விழுந்த பிள்ளைத் தலைய வார்ற மாதிரி நுனியில இருந்து உள்ள போகணும். கம்பியோட கம்பி உரசி கரகரனு கேட்டா ரொம்ப ஆழமா போறீங்கனு அர்த்தம், பல்லும் வளைஞ்சு போகும். முடி ஒரே சீரா பரவினதும் நிறுத்திருங்க, அதுக்கு மேல இழுத்தா முடி அறுந்து நெப்ஸ்தான் (குட்டி குட்டி சிக்கு முடிச்சு) விழும்.

ரோம்னிக்கும், காரிடேல் ஆட்டு முடிக்கும் இந்த 72 அருமையான கார்டர், மனசார சொல்றேன். மெரினோ ஆட்டுக் கம்பளி வாங்கப் போறீங்கனா இது வேணாம், அவ்ளோ மெல்லிசான முடி இதுல உருண்டை உருண்டையா திரளும், 108 எடுங்க, இல்லனா கோம்ப் (நீளப் பல்லு வச்ச கம்பளிச் சீப்பு). ட்ரம் கார்டர் (கைப்பிடி சுத்தி உருளையில கம்பளி வாருற மெஷின்) வாங்கலாமானு யோசிக்கிறவங்க ஸ்வெட்டருக்குனு மொத்தமா பண்றதா இருந்தா மட்டும் வாங்குங்க, தொப்பி, சாக்ஸ் அளவுக்கு இந்த ஜோடியே தாராளம்.