கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே ஓர் அறிக்கை

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சிஐஏ நடத்திய ரகசியச் சிறைகளைப் பற்றி அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2014 டிசம்பர் 9 அன்று வெளியிட்ட அறிக்கைச் சுருக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்நூறு பக்கங்களைத் திரையில் வாசிக்கக் கண் ஒத்துழைக்காததால் நான் அச்சுப் பிரதியை வாங்கினேன்.

சுவாரஸ்யத்துக்காக எடுப்பவர் இருபது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். நடை அத்தனை வறட்சி. ஆனால் அந்த வறட்சியே இதன் பலம். 2002 நவம்பரில் ‘கோபால்ட்’ என்ற குறிப்பெயர் கொண்ட சிறையில், கால்சட்டையும் இல்லாமல் வெறும் கான்கிரீட் தரையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த குல் ரஹ்மான் என்ற கைதி குளிரில் விறைத்து இறந்ததைச் சொல்லும் அதே தொனியில்தான், நான்கு மாதம் கழித்து அச்சிறையின் பொறுப்பதிகாரிக்கு 2,500 டாலர் வெகுமதி பரிந்துரைக்கப்பட்டதையும் அறிக்கை சொல்லிச் செல்கிறது. அடிக்குறிப்புகளைத் தாவிச் செல்ல வேண்டாம். 119 கைதிகளில் குறைந்தது 26 பேர் சிஐஏவின் சொந்த அளவுகோலின்படியே அடைக்கப்பட்டிருக்கக் கூடாதவர்கள் என்பதும், உறவினர் ஒருவரைப் பேசவைப்பதற்காகவே அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதும் இந்த அறிக்கையில்தான் வெளிச்சத்துக்கு வருகின்றன.

என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. அறிக்கையின் இருபது முடிவுகளில் முதலாவது, கைதிகளைத் துன்புறுத்தி விசாரித்த முறைகள் பலன் தரவில்லை என்பது. அபு சுபைதா என்ற கைதியை 2002 ஆகஸ்டில் மட்டும் 83 முறை முகத்தில் நீர் ஊற்றி மூச்சுத் திணறவைத்தும் சிஐஏ எதிர்பார்த்த தகவல் கிடைக்கவில்லை என்று அறிக்கை ஆதாரத்தோடு நிறுவுகிறது. சரி, பலன் கிடைத்திருந்தால்? அந்தக் கேள்விக்குள் குழு நுழையவில்லை. இது சித்திரவதைதான் என்பதைக்கூடக் குழுவின் அப்போதைய தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன் முன்னுரையில் தம் தனிப்பட்ட முடிவாகவே எழுதுகிறார்.

வெளியிடக் கூடாதவற்றை மறைக்க வரிகள்மேல் பூசிய கறுப்புப் பட்டைகளுக்கும் மதிப்பெண் குறைத்தே ஆக வேண்டும். அதிகாரிகளின் உண்மைப் பெயரைக் காப்பது புரிகிறது. அவர்களுக்கு இட்ட புனைபெயர்களில் பெரும்பாலானவற்றையும் அழித்துவிட்டதால், இந்தப் பக்கத்தில் மேலிடத்துக்குப் பொய் எழுதியவர்தான் நூறு பக்கம் தள்ளியும் வருகிறாரா என்று வாசகரால் பின்தொடர முடியவில்லை. 6,700 பக்கங்களைத் தாண்டும் முழு அறிக்கை இன்னும் வெளியாகவில்லை.

வாங்குபவர்கள் முடிவுகள் பகுதியில் தொடங்கி, அடுத்து அபு சுபைதாவின் அத்தியாயத்துக்குப் போகலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள், எனக்குத் தேவைப்பட்டது.