51 வயதில் ஷூவைக் கழற்றினேன்: ஆறு ஆண்டு வெறுங்கால் ஓட்டம்

எனக்கு இப்போது 57 வயது. வெறுங்காலிலும் மெத்தையில்லாத மெல்லிய ஷூவிலுமாக ஓட ஆரம்பித்து ஆறு வருடம் முடிந்திருக்கிறது. ஆரம்பித்த முதல் மாதம், முழங்கால் வலி போயே போய்விட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாதம் இடது காலை ஊன்ற முடியாமல் நொண்டினேன். இந்த இரண்டு மாதங்களில் எதில் எழுதியிருந்தாலும் படித்தவர்களுக்குத் தவறான வழியைக் காட்டியிருப்பேன். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

ஓட்டமே எனக்குப் பிந்தி வந்த பழக்கம். 46 வயதில் ஆரம்பித்தேன். எல்லோரையும் போல, குதிகால் பக்கம் தடித்து முன்பக்கம் இறங்கும் ஷூதான். இந்த உயர வித்தியாசத்தை ‘டிராப்’ என்பார்கள். வழக்கமான ஷூக்களில் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மூன்றாம் வருடம் முழங்கால் சிப்பிக்குப் பின்னால் வலி வந்தது. ஓடும்போதைவிட படி இறங்கும்போதுதான் அதிகம். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தடித்த ஷூ, இன்னும் கொஞ்சம் மெத்தென்ற இன்சோல் என்று மாற்றிக்கொண்டே போனேன். ஒருநாள் மழையில் ஷூ நனைந்துவிட, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புல்தரையில் நூறு மீட்டர் மெதுவாக ஓடினேன். வலிக்கவில்லை. திரும்பவும் ஓடிப் பார்த்தேன், வலிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த ஆசை.

பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடத்தில் முடித்து மறுபடி தங்கம் வென்றதை வெறுங்கால் ஓட்டத்தை ஆதரிப்பவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 2010-இல் ‘நேச்சர்’ இதழில் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மன் குழுவின் ஆய்வு வந்தது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள்; குதிகாலை முதலில் ஊன்றும்போது தரையிலிருந்து சட்டென்று ஏறும் அந்த முதல் அதிர்வு இவர்களிடம் காணப்படவில்லை என்றது. அதைப் படித்துவிட்டு மகிழ்ந்தேன். அதில் இருந்த ‘பழகியவர்கள்’ என்ற சொல்லைத்தான் கவனிக்காமல் கடந்துவிட்டேன்.

விரல் விரலாகப் பிரிந்த காலுறை மாதிரி ஒரு ஷூ வாங்கினேன். முதல் வாரம் ஒரு கிலோமீட்டர், இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் ஐந்து. என் மூச்சுக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் தெம்பு இருந்தது. பாதத்துக்கு ஒன்று ஓடும் தெம்புகூட இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்கள் மாறும்போது மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மூச்சு வாங்காததால் உடம்பு தயார் என்று நினைத்துவிடுகிறோம். ஐந்தாம் வாரம் புறங்காலில், இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால், ஒரு புள்ளியில் வலி ஆரம்பித்தது. தசைப்பிடிப்பு என்று நினைத்து இன்னும் மூன்று நாள் ஓடினேன். பிசியோதெரபிஸ்ட் கட்டைவிரலால் அந்த இடத்தை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, “எலும்பு இன்னும் விரிசல் விடலை சார். ஆனா விடறதுக்கு முந்தின கட்டத்துல இருக்கீங்க. இன்னும் ரெண்டு வாரம் ஓடியிருந்தா உடைஞ்சிருக்கும்” என்றார். ஏழு வாரம் ஓட்டமே இல்லை.

எனக்கு மட்டும் வந்த கேடு இல்லை இது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மெத்தையில்லாத மெல்லிய (மினிமலிஸ்ட்) ஷூவுக்குப் பத்து வாரத்தில் படிப்படியாக மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. காரணம் எலும்பு வளரும் விதத்தில் இருக்கிறது. புதிய பாரம் விழுந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், பிறகுதான் அங்கே புதிதாகக் கட்டும். வீட்டில் பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்பும் இடைவெளி மாதிரி, நடுவே சில வாரங்கள் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. அந்த வாரங்களில்தான் நமக்கு ‘பழகிவிட்டது’ என்ற தைரியமும் வருகிறது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கட்டுமான வேலை இன்னும் மெதுவாக நடக்கும்.

இந்த ஆறு வருடத்தில் நான் புரிந்துகொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான்: ஷூவைக் கழற்றினால் பாரம் குறைவதில்லை, இடம் மாறுகிறது. முழங்கால் தாங்கிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கைக் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் முன்பாத எலும்புகளும் வாங்கிக்கொள்கின்றன. முழங்கால் தொந்தரவு உள்ளவருக்கு இது வரம். ஏற்கெனவே குதிகால் தசைநாணில் வலி இருப்பவருக்கு இதைவிடக் கெட்ட யோசனை இருக்க முடியாது.

இரண்டாவது முறை வேறு மாதிரி ஆரம்பித்தேன். எட்டு மாதம் நடை மட்டும். வீட்டுக்குள் செருப்பே இல்லை. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பேன். நின்ற இடத்தில் குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குவேன். முதலில் இரண்டு காலில், பிறகு ஒரு காலில். விரல்களை மடக்காமல் பாதவளைவை மட்டும் சுருக்கி உயர்த்தும் பயிற்சியில் முதல் இரண்டு வாரம் எதுவுமே அசையவில்லை. மூளைக்கு அந்தத் தசை எங்கே இருக்கிறது என்றே மறந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் ஓட்டம், அதுவும் 200 மீட்டர். மூன்று வாரம் கூட்டுவேன், நான்காம் வாரம் குறைப்பேன். நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட 14 மாதம் ஆனது. பத்து கிலோமீட்டரைத் தொட்டது மூன்றாம் வருடக் கடைசியில்.

இந்தத் தடவை ஷூவில் ஆரம்பிக்காமல் சுத்த வெறுங்காலில் ஆரம்பித்தேன். மெல்லிய ஷூ மெத்தையையும் தராது, தோல் சொல்லும் சேதியையும் முழுதாக விடாது. வெறுங்காலில் உள்ளங்கால் தோலே அளவு சொல்லிவிடும்: எரிய ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும். கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்தால் தரையைப் பின்னுக்குத் தள்ளித் தேய்க்கிறோம் என்று பொருள். எனக்கு மூன்று மாதம் அதே இடத்தில் வந்துகொண்டிருந்தது. எடுத்து வைக்கும் எட்டின் நீளத்தைச் சுருக்கி, நிமிடத்துக்கு 164 ஆக இருந்த காலடிகளை 176-க்குக் கொண்டுவந்ததும் நின்றது. இப்போது உள்ளங்கால் தடித்திருக்கிறது, ஆனால் காய்ப்பேறிக் கரடுமுரடாக இல்லை. வளையும் தோல் மாதிரி இருக்கிறது. சிலர் குதிகால் தரையில் படவே கூடாது என்று நினைத்து நுனிக்காலிலேயே ஓடுகிறார்கள். நானும் ஓடியிருக்கிறேன், மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. முன்பாதம் பட்டதும் குதிகாலும் மெல்ல வந்து தரையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாம் வருடத்தில் இன்னொரு சறுக்கல். ஒரே மாதத்தில் மேட்டு ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் சேர்த்தேன். காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து எட்டும் குதிகாலுக்கு மேலே கயிறு முறுக்கியது போல் இருந்தது. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்த பிறகுதான் சரியானது. அதிலிருந்து ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறேன்.

ஷூக்களைப் பற்றி. இதுவரை மூன்று ஜோடி. என் நோட்டுக் கணக்கில் இரண்டாவது ஜோடி 1,900 கிலோமீட்டர் வந்தது. அமுங்கிப்போக மெத்தை இல்லாததால் நீண்ட நாள் உழைக்கிறது, அடிப்பாகம் தேயும் முன் மேல்துணிதான் கிழிந்தது. விரல் பிரிந்த வகையை விட்டுவிட்டேன். மாட்டவே ஐந்து நிமிடம் ஆகும், சுண்டுவிரல் சரியாக உட்காராது. விரல்கள் விரிய முன்பக்கம் அகலமாக இருந்தால் போதும் என்பது என் தீர்மானம். என் பாதம் அகன்றுவிட்டதால் இப்போது அரை அளவு பெரியதாக வாங்குகிறேன். விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். பாதத்தை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்று ஆதாரமில்லாமல் சொன்னதாகத் தொடரப்பட்ட வழக்கில், விரல் பிரிந்த ‘ஃபைவ்ஃபிங்கர்ஸ்’ ஷூவைத் தயாரிக்கும் விப்ரம் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2014-இல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி சமரசம் செய்துகொண்டது. பாதத்தை வலுவாக்குவது பயிற்சியும் காலமும்தான். ஷூ அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்.

எல்லோரும் கேட்பது, கண்ணாடி குத்தாதா என்பது. ஆறு வருடத்தில் ஒரு முள், ஒரு கண்ணாடிச் சில்லு. கண் தானாகவே மூன்று நான்கு மீட்டர் முன்னால் தரையைப் பார்க்கப் பழகிவிடுகிறது. டெட்டனஸ் ஊசியைக் கெடு தவறாமல் போட்டுக்கொள்கிறேன். வெயிலில் காய்ந்த தாரில் ஓடுவதில்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தோல் சொல்லும் சேதிதான் இதில் ஒரே பாதுகாப்பு, அது கேட்காதவருக்கு ஒரு சின்னக் கீறலே காலைப் பறிக்கும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வேகம் கூடவில்லை. பத்து கிலோமீட்டருக்கு முன்பு 62 நிமிடம், இப்போது 64. முழங்கால் வலி நான்கு வருடமாக இல்லை, படியில் தைரியமாக இறங்குகிறேன். அதற்கு ஷூவைக் கழற்றியதுதான் காரணமா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எட்டைச் சுருக்கினாலே முழங்காலின் சுமை குறையும். பழைய ஷூவிலேயே எட்டைச் சுருக்கி, இதே பயிற்சிகளைச் செய்திருந்தால் பாதிப் பலனாவது வந்திருக்கும். வலிக்காக மட்டும் இதைத் தேடுகிறவர்கள் முதலில் அதைச் செய்து பாருங்கள். நான் தொடர்வது தரைக்காக. பனி படிந்த புல், விடிகாலையில் குளிர்ந்த சிமென்ட், மழைக்கு மறுநாள் இறுகிய மண் என்று ஒவ்வொன்றும் காலுக்கு வேறு வேறாகத் தெரிவதை 51 வயதுவரை அறியாமல் இருந்தேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன். ஒருநாள் வெறுங்கால், இரண்டு நாள் மெல்லிய ஷூ. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும் நாட்களில் கொஞ்சம் மெத்தை உள்ள, டிராப் இல்லாத ஷூ. அது கலப்படம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வயதோடு குதிகாலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திண்டும் தேய்கிறது, அவ்வளவு தூரத்துக்கு எனக்கு அது வேண்டியிருக்கிறது. ஓடப் போகும் முன் தினமும் கட்டிலில் உட்கார்ந்து, இடது புறங்காலில் பிசியோதெரபிஸ்ட் அழுத்திய அதே இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். துளி வலி தெரிந்தாலும் அன்றைக்கு நடை மட்டும். போன மாதம் இரண்டு நாள் நடந்தேன்.