ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, வார் இன் தி ஈஸ்ட் 2: நான் ஏன் கிழக்கே போனேன்

இரண்டாம் உலகப் போரை வைத்து உருவான இந்த இரண்டு வார்கேம்களும் (போர் உத்தி கணினி விளையாட்டுகள்) என் லேப்டாப்பில் இருக்கின்றன. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் சில நூறு மணி நேரத்தைக் கரைத்தவன் நான். ஆனால் ஒரு வருடமாகத் திறப்பது வார் இன் தி ஈஸ்ட் 2-ஐ மட்டும்தான். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனின் பாரடாக்ஸ் 2016 ஜூனில் வெளியிட்ட முதலாவதில் உலகம் முழுக்க உங்கள் கையில். எந்த நாட்டையும் எடுக்கலாம், பிரிட்டிஷ் ராஜ் உட்பட. காலம் ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டும்போது நிறுத்தலாம். 2021 மார்ச்சில் மேட்ரிக்ஸ் கேம்ஸ் வெளியிட்ட இரண்டாவதில் ஜெர்மனி–சோவியத் போர்முனை மட்டுமே. வரைபடத்தில் ஒரு கட்டம் 10 மைல், ஒரு டர்ன் (ஆட்டக்காரரின் ஒரு முறை) ஒரு வாரம். பார்க்க அழகு, ஆரம்ப விலை, மோட்கள் (ஆட்டக்காரர்களே செய்து பகிரும் மாற்றங்கள்) மூன்றிலும் பாரடாக்ஸுக்கே வெற்றி.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கேமுக்கு என்ன பராமரிப்பு? வேலை, வீடு என்று மூன்று மாதம் தொடாமல் விட்டுத் திரும்பி வந்தால், கற்றது கற்றபடி இருக்கிறதா என்பதுதான். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்னில் 2019-இல் மேன் தி கன்ஸ் என்ற விரிவாக்கம் (கேமோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) கப்பல் வடிவமைப்பைக் கொண்டுவந்தது. 2021-இல் நோ ஸ்டெப் பேக் டாங்கி வடிவமைப்பைத் தந்தது. கூடவே வந்த இலவச அப்டேட் சப்ளையை (படைகளுக்கான பொருள் வழங்கலை) ரயில்பாதைகளோடு கட்டிப்போட்டது. 2022-இல் பை பிளட் அலோன், இந்த முறை விமானம். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல மாற்றங்கள்தான். சப்ளை மாற்றம் அவசியமும்கூட. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் பழகி வைத்த டிவிஷன் கணக்கெல்லாம் (ஒரு படைப்பிரிவில் எதை எவ்வளவு வைப்பது என்பது) செல்லாக்காசாகிவிடும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பாதியில் சேமித்து வைத்த பழைய ஆட்டம் ஒழுங்காக ஓடும் என்றும் நம்ப முடியாது. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி வைத்திருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். (வேறொரு கேமில், பெயர் வேண்டாம், அந்த வழி இல்லாமல் என் இரண்டு மாத ஆட்டம் ஒரே காலையில் போனது. அந்த எரிச்சலும் இங்கே கலந்திருக்கலாம்.)

பணக்கணக்கும் உண்டு. விரிவாக்கங்களை ஒவ்வொன்றாக வாங்கினால் மொத்தம் அடிப்படை விலையைப் பல மடங்கு தாண்டும். சந்தா கட்டியும் ஆடலாம். ஸ்டீமில் வாங்கியதை மறுபடி விற்கவும் முடியாது.

வார் இன் தி ஈஸ்ட் 2-இன் மேனுவல் 500 பக்கத்துக்கு மேல். முதல் மாதம் படிப்பிலேயே போனது. அப்டேட்கள் இதற்கும் வருகின்றன, ஆனால் அடித்தளம் அசையவில்லை. அன்று படித்தது இன்றும் உதவுகிறது. அந்த அடித்தளம் ரயில். சோவியத் தண்டவாள அகலம் 1,524 மி.மீ., ஜெர்மனியுடையது 1,435. ஆகவே ஜெர்மன் ரயில்கள் அங்கே அப்படியே ஓடாது. ஜெர்மனியாக ஆடினால் உங்கள் டாங்கிகள் மின்ஸ்கைத் தாண்டிப் பாய்ந்துவிடும். பின்னால் சீரமைப்புப் பிரிவுகள் கட்டம் கட்டமாகப் பாதையை மாற்றிக்கொண்டு ஊர்ந்து வரும். எந்தப் பாதையை முதலில் சரிசெய்வது, கிடங்கை எங்கே வைப்பது, லாரிகளை எவ்வளவு தூரம் விரட்டுவது என்ற மூன்று கேள்விகளில்தான் மாஸ்கோ இருக்கிறது. ஜூலையில் செய்த தப்பு அக்டோபர் சேற்றில்தான் தெரியும். நான் ஒருமுறை லெனின்கிராடு பக்கமும் மாஸ்கோ பக்கமும் சமமாகப் பாதை போடப் பார்த்து, இரண்டு இடத்திலும் எரிபொருள் இல்லாமல் நின்றேன். அந்தத் தோல்விக்கு அப்டேட்டைக் குறைசொல்ல முடியவில்லை, தப்பு முழுக்க என்னுடையது. வார்கேமிடம் நான் கேட்பது அதைத்தான்.

அப்புறம், நான் ஆடாததையும் சொல்லிவிடுகிறேன். 200 டர்னுக்கு மேல் நீளும் முழுப் போரை நான் முடித்ததே இல்லை. 1942 கோடையோடு நின்றுவிடுகிறேன். விமானப் படையை ஏஐ-யிடம் விட்டுவிடுவதால் அந்தப் பகுதியைப் பற்றி என் தீர்ப்பு செல்லாது. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்னைப் பலரோடு சேர்ந்து ஆடியதும் கிடையாது. ராத்திரி உட்கார நாலு நண்பர்கள் இருந்தால் அதுவே சரியான தேர்வாக இருக்கலாம்.

அண்ணன் மகன் கேட்டபோதும் அதைத்தான் வாங்கச் சொன்னேன்: தள்ளுபடி வரும்போது, அடிப்படை கேம் மட்டும். அவனுக்கு இரண்டு மாத லீவு. பிரிட்டிஷ் ராஜை எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறான். எனக்கு ஸ்மோலென்ஸ்க் வரைக்கும் பாதை இன்னும் வந்து சேரவில்லை.