பழைய பைலட் ஹெட்செட்டை ஆன்லைன்ல வாங்கி 38,500 ரூபாய் போச்சு

கடுப்புல எழுதுறேன், வார்த்தை முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. பழைய விமானச் சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில, சத்தம் அடக்குற ஹெட்செட்னு சொல்லி வெறும் டப்பாவை 38,500 ரூபாய்க்குத் தலையில கட்டிட்டாங்க. சேலம் ஏர்போர்ட் இருக்கிற காமலாபுரம் பக்கம் பறக்கக் கத்துக்கிற பசங்களும் இதையேதான் தேடுறாங்க. வாங்குறப்போ என்னென்ன பாக்கணும்னு கடைசியில சொல்றேன்.

இது ஆடம்பரச் சாமான் இல்ல. செஸ்னா 172ங்கிற சின்னப் பயிற்சி விமானத்தோட காக்பிட்டுல சத்தம் 90 டெசிபல் கிட்ட இருக்கும். காதுக் கிண்ணமும் ஜெல் மெத்தையும் கீச்சுச் சத்தத்தைத்தான் தடுக்கும். இன்ஜினும் ப்ரொப்பெல்லரும் போடுற உறுமல் உள்ள வந்துடும். அதை அடக்கத்தான் கிண்ணத்துக்குள்ள குட்டி மைக் வெச்சு, வர்ற அலையைத் தலைகீழாத் திருப்பி விடுற சர்க்யூட். அது வேலை செய்யலன்னா காதோட மூளையும் அசந்துடும். ஏப்ரல் வெயில்ல, சேர்வராயன் மலைப் பக்கம் தூக்கிப் போடுற மத்தியானக் காத்துல, மூணாவது சார்ட்டி, அதாவது மூணாவது தடவை பறந்து முடியறப்போ தெரியும். டவர் சொன்னதை ரெண்டு தடவை கேக்க வேண்டி வரும். ரெண்டு டேங்கும் சேந்த 'போத்'ல இருக்க வேண்டிய ஃப்யூல் செலக்டர் இடது டேங்க்லயே நிக்கும். டச் அண்ட் கோவுல, அதாவது தரையைத் தொட்டு நிக்காம திரும்ப ஏறுறப்போ, இறக்கையில இறக்கி விட்ட ஃப்ளாப்பை ஏத்தாம த்ராட்டிலைத் தள்ளினா விமானம் மேல ஏறத் திணறும். இறங்கி மாஸ்டர் ஸ்விட்சை அணைக்க மறந்தா மறுநாள் பேட்டரி காலி. செக்லிஸ்ட் தெரியாம இல்ல, வரி தாவிடுது.

வீடியோ கால்லதான் ஏமாந்தது. ரெண்டு ஏஏ பேட்டரி போட்டு ஸ்விட்சைத் தட்டினாங்க, பச்சை லைட் எரிஞ்சுது. "பாத்தீங்களா சார், ரிட்டயர் ஆன கேப்டனோடது, ஒரு கீறல் கிடையாது"ன்னாங்க. அந்தப் பச்சை லைட்டை நம்பி 38,500 போட்டாச்சு.

ஹெட்செட் வந்ததும் விமானத்துல மாட்டிப் பாத்தேன். இன்ஜின் 1,000 ஆர்பிஎம்ல ஓடறப்போ ஹெட்செட் ஸ்விட்சை ஆன், ஆஃப் பண்ணினா ஒரு வித்தியாசமும் இல்ல. 2,300லயும் அதே உறுமல். மெத்தையைக் கழட்டி ஸ்பாஞ்சைத் தூக்கினா ஸ்பீக்கருக்கு ரெண்டே ஒயர். உள் மைக் இருக்க வேண்டிய இடத்துல காஞ்ச பசை. பேட்டரி டப்பாவுக்குள்ள ஒரு லைட், ஒரு ரெசிஸ்டர். சர்க்யூட் போர்டே கிடையாது!

கேட்டதுக்கு முதல் பதில், "பேட்டரி மாத்திப் பாருங்க சார்." அடுத்து, "உங்க விமானத்து இன்டர்காம் கோளாறு சார்." போட்டோ அனுப்பினதும், "திறந்துட்டீங்களே, இனி திருப்பி எடுக்க முடியாது." கடைசி போன்ல, "ஏம்ப்பா சும்மா சும்மா கூப்புடுற?" 38,500 ரூபாய் வாங்குறப்போ இருந்த அந்த 'சார்' எங்க போச்சோ.

சொல்றேன்னதை அவசரமா சொல்லிடறேன். ஓடுற இன்ஜின்ல ஆன், ஆஃப் பண்ணிப் பாக்காம காசு குடுக்காதீங்க. பிளக் ரெண்டு இருக்கணும், ஒண்ணு தடிப்பு, ஒண்ணு மெலிசு. ஒத்தைத் தடிப் பிளக்னா பெரும்பாலும் ஹெலிகாப்டருக்கானது. சீரியல் நம்பரைத் தயாரிச்ச கம்பெனிகிட்டயே கேளுங்க. யூபிஐல முழுப் பணத்தையும் முன்னாடியே போடாதீங்க. மத்ததை எழுத இப்ப பொறுமை இல்ல. 1915 நுகர்வோர் உதவி எண்ணுல புகார் குடுத்தாச்சு. கூரியர் கவரைக் குப்பையில போட்டதுதான் இப்ப இடிக்குது, அனுப்பினவன் முகவரி அதுலதான் இருந்துச்சு.