ஒன்பது ஆண்டு ஒசாக்கா வாழ்க்கை: ஜப்பானுக்கு வரும் விருந்தினரிடம் நான் சொல்வது

ஒசாக்காவில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் ஊரிலிருந்து வந்த உறவினர்களையும் நண்பர்களையும் பலமுறை அழைத்துச் சென்று சுற்றிக் காட்டியிருக்கிறேன். தொடக்கத்தில் வந்தவர்களுக்கு நான் வகுத்துக் கொடுத்த திட்டம் சரியானதல்ல என்பதை இப்போது வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். டோக்கியோ, ஹகோனே, கியோத்தோ, ஹிரோஷிமா, ஒசாக்கா என்று ஏழு நாளில் ஐந்து ஊர்களைக் காட்டினேன். திரும்பும் நாளன்று என் பெரியம்மா, “ரயில் ஜன்னல்தான்டா கண்ணுக்குள்ள நிக்குது” என்றார். அதன்பின் வந்த எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு வாரம் மட்டுமே இருக்கிறது என்றால் ஒசாக்கா, கியோத்தோ, நாரா அடங்கிய கன்சாய் வட்டாரத்தை விட்டு வெளியே போக வேண்டாம்.

நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவுக்கும் கியோத்தோவுக்கும் இடையே ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒருமுறை செல்ல ஏறத்தாழ 14,000 யென்தான் ஆகும் என்பதால், போய்வருவதற்காக மட்டும் அந்தப் பாஸை வாங்குவது நட்டம். கன்சாயிலேயே தங்குபவர்களுக்கு ‘இக்கோக்கா’ அட்டை ஒன்று போதும். பணம் ஏற்றிக்கொண்டால் ரயில், பேருந்து, தெருமுனைக் கடை என்று பெரும்பாலான இடங்களில் செல்லும். நான் வந்த முதல் வாரத்தில் வாங்கிய அட்டையைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.

இனி நாரா. ஒசாக்கா நம்பாவிலிருந்து கின்தெட்சு ரயிலில் நாற்பது நிமிடத்தில் போய்விடலாம் என்பதால் பெரும்பாலோர் காலையில் சென்று, மானுக்குத் தின்பண்டம் கொடுத்து, பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே ஓர் இரவு தங்குங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது வழக்கம். தோதாய்ஜி கோயிலின் புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7:30 மணிக்கே திறந்துவிடும். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள அந்த வெண்கலத் திருமேனியின் முன்னால் அமைதியாக நிற்க முடியும்.

நம் கோயில்களில் சிற்பி சிலைக்குக் கண் திறப்பதை அறிந்தவர்களுக்கு அந்த இடம் இன்னும் நெருக்கமாகும். 752-ஆம் ஆண்டு இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர், 736-இல் ஜப்பான் வந்து சேர்ந்த போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலக் கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இதைச் சொல்லிவிட்டுத்தான் யாரையும் மண்டபத்துக்குள் அழைத்துப் போவேன். சொல்லாமல் அழைத்துச் சென்றவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட்டார்கள்.

மாலையில் அதே கோயிலைச் சேர்ந்த நிகாட்சுதோ மண்டபத்துக்கு ஏறுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் பூட்டுவதில்லை. அதன் மரத்தாழ்வாரத்தில் நின்றால் நாரா நகரம் முழுவதும் கீழே விளக்கேற்றிக் கொள்வதைக் காணலாம். மார்ச் 1 முதல் 14 வரை அந்தத் தாழ்வாரத்தில் துறவிகளின் உதவியாளர்கள் பெரிய தீப்பந்தங்களைச் சுழற்றிக்கொண்டு ஓடுவார்கள். இந்த வழிபாடு 752-இல் தொடங்கி ஓர் ஆண்டும் விடுபடாமல் நடந்துவருகிறது. பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் அந்த இரண்டு வாரத்தையே தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரையான தொடர் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கியோத்தோவைப் பற்றி எல்லாரும் எழுதியிருப்பதால் நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சஞ்சூசாங்கென்தோ என்ற 120 மீட்டர் நீள மண்டபத்தில் அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவரின் 1,001 சிலைகளோடு காவல் தெய்வங்கள் இருபத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். இந்திரனும் பிரம்மாவும் கருடனும் ஜப்பானிய முகத்தோடு நிற்பதையும், விலா எலும்பு தெரியக் கோலூன்றி நிற்கும் வசு முனிவரையும் பார்த்து என் மாமனார் அரை மணி நேரம் நகரவே இல்லை. படம் எடுக்க அனுமதி இல்லாததும் நல்லதாகவே போயிற்று.

சைவ உணவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் ‘தாஷி’ என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் நம் மாசிக்கருவாட்டைப் போலக் காயவைத்த சூரை மீனைச் சீவிக் கொதிக்கவைத்து எடுப்பது. “மீன் இல்லை” என்று கடைக்காரர் மனதாரச் சொன்னாலும் அவர் இந்தச் சாற்றைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். ஆகவே சைவம் உண்பவர்களை நான் கோயாசான் மலைக்கு அனுப்புகிறேன். நம்பாவிலிருந்து நான்காய் ரயிலில் கோக்குராக்குபாஷி வரை சென்று, அங்கிருந்து கேபிள் காரில் ஏற வேண்டும். மேலே ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் பயணிகளுக்குத் தங்க இடமும் சைவ உணவும் தருகின்றன; சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது, பூண்டு, வெங்காயமும் சேர்ப்பதில்லை. எள்ளில் செய்த தோஃபுவை என் அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அங்கே ஓக்குனோயின் என்ற இடுகாட்டுப் பாதை, வானளாவிய தேவதாரு மரங்களுக்கிடையே இரண்டு கிலோமீட்டர் செல்கிறது. அதன் முடிவில் 835-இல் ஜீவசமாதி அடைந்ததாக நம்பப்படும், கோயாசானை நிறுவிய கூக்காய் முனிவர் இன்றும் தியானத்தில் இருப்பதாகக் கொண்டு, நாள்தோறும் இருவேளை உணவு எடுத்துச் செல்கிறார்கள். காலை உணவு செல்லும் நேரம் ஆறு மணி. அதைப் பார்க்க விரும்பினால் முந்தைய இரவே மலையில் தங்கியிருக்க வேண்டும். ஏறத்தாழ 800 மீட்டர் உயரம் என்பதால் மே மாதத்திலும் கம்பளிச் சட்டை தேவைப்படும்.