முப்பரிமாண அச்சில் வரும் போலி முட்டைகள்: எந்தக் கூட்டுக்கு ஏற்றவை?

குயில் போன்ற பறவைகள் அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டால் கூட்டுக்காரப் பறவை என்ன செய்கிறது? இதைக் கண்டறியும் சோதனைகள் பெரும்பாலும் போலி முட்டைகளை நம்பியே நடக்கின்றன. 1970-களில் பறவை ஆய்வாளர் ஸ்டீபன் ராத்ஸ்டைன் வட அமெரிக்காவில் பிளாஸ்டர் முட்டைகளைக் கூடுகளில் வைத்தார். குயில் போலவே அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் கௌபேர்ட் என்ற பறவையின் முட்டையை ஏற்கும் இனம் எது, தூக்கி எறியும் இனம் எது என்று அவற்றைக் கொண்டே பிரித்தார். இப்போது அந்த வேலைக்கு முப்பரிமாண அச்சு முட்டைகள் வந்திருக்கின்றன. பெரிய அலகுள்ள பறவைகளுக்கு இவற்றைத் தயங்காமல் வாங்கலாம். சின்ன அலகுப் பறவைகளுக்கு வேண்டாம்.

இவற்றின் பெரிய பலம், ஒரு முட்டை போலவே இன்னொன்று இருப்பது. கையால் உருட்டிய பிளாஸ்டரிலும் களிமண்ணிலும் இரண்டு முட்டைகள் ஒத்துப்போவதே அரிது. அச்சில் வடிவம் ஒரு கோப்பில் இருக்கிறது. அகலத்தை மட்டும் 1 மி.மீ. கூட்டி, பறவை நிறத்தைப் பார்க்கிறதா பருமனைப் பார்க்கிறதா என்று தனித்தனியே சோதிக்கலாம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், அச்சு முட்டைக்கு ராபின் முட்டையின் நீலப்பச்சையைப் பூசியபோது அமெரிக்க ராபின்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டன. கௌபேர்ட் முட்டையின் வெளிர்பழுப்பைப் பூசியபோது பெரும்பாலானவற்றை எறிந்துவிட்டன. அதாவது, பறவை இதை முட்டையாகவே நடத்துகிறது.

வாங்கும்போது முதலில் எடையைப் பாருங்கள். கௌபேர்ட் முட்டை சுமார் 21 × 16 மி.மீ., 3 கிராம். அதே அளவில் 1 மி.மீ. சுவருள்ள வெற்று பி.எல்.ஏ. (அச்சுக்குப் பயன்படும் ஒருவகைப் பிளாஸ்டிக்) முட்டை 1 கிராமை ஒட்டித்தான் வரும். இவ்வளவு லேசானதைத் தூக்கி எறிவது பறவைக்கு எளிது, அதனால் முடிவு ஒருபக்கம் சாயும். உள்ளே தண்ணீர் நிரப்பினால் மொத்தம் ஏறக்குறைய 3 கிராம் ஆகிவிடும். அடைகாக்கும் சூட்டை வாங்கி வைத்திருப்பதிலும் நிஜ முட்டையை நெருங்கும். மொண்ணைப் பக்கம் 2 மி.மீ. துளையிட்டு, ஊசிக்குழலால் நிரப்பி, ஒரு சிறு குமிழிக்கு இடம் விட்டு எபாக்ஸிப் பசையால் அடையுங்கள். ஒரு நாள் டிஷ்யூ தாள்மேல் வைத்துக் கசிவைப் பார்த்த பிறகே வண்ணம் பூச வேண்டும். சுவர் ஒற்றை வரிசையாக அச்சான முட்டைகள் அடுக்குகளுக்கிடையே கசியும். குறைந்தது இரண்டு வரிசை கேளுங்கள்.

பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிட்ட முட்டையில் வரிவரியாக மேடு இருக்கும். அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் பறவையின் அலகுக்குப் பிடி கிடைத்துவிடும். நைலான் தூளிலிருந்து அச்சிட்ட முட்டையில் அந்த வரிகள் இல்லை, ஆனால் நிறத்தை உறிஞ்சும். அடிப்பூச்சு கட்டாயம்.

பலர் சறுக்குவது வண்ணத்தில்தான். நம் கண்ணுக்கு அச்சு அசலாகத் தெரிவது பறவைக்கு அப்படித் தெரியாது, ஏனென்றால் அது புற ஊதாவையும் பார்க்கிறது. வெள்ளை அக்ரிலிக்கில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாவை விழுங்கிவிடும். நிஜ ஓடு அதில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பும். மேலே பூசும் வார்னிஷ் பலவற்றிலும் இதே சிக்கல் உண்டு. நிறமாலைமானியில் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) நிஜ முட்டையையும் போலியையும் 300 முதல் 700 நானோமீட்டர் வரை அளந்து ஒப்பிடாமல், "ஒரே நிறம்" என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இனி பெரிய குறை. ராபின் போன்ற பறவை முட்டையை அலகால் கவ்வி எடுத்துப்போகும். பால்டிமோர் ஓரியோல் போன்றவை ஓட்டைக் குத்தித் துளைத்து, அந்தத் துளையில் அலகை மாட்டித் தூக்கும். பிளாஸ்டிக்கை எப்படிக் குத்துவது? அலகு தெறித்துப் பக்கத்தில் இருக்கும் தன் முட்டையையே உடைத்துவிடலாம். சில பறவைகள் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுக் கூட்டையே கைவிடும், சில வேறு வழியின்றி அடைகாக்கும். நம் ஏட்டில் அது "ஏற்றுக்கொண்டது" என்று பதிவாகும். அது தவறான தரவு. நிஜக் குயில் முட்டையின் ஓடும் தடிப்பானதுதான் என்றாலும் அது உடையும். இது உடையவே உடையாது.

ஆகவே போலி முட்டை ஆறு நாள் கூட்டில் இருந்தது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. தினமும் அதை எடுத்து, வண்ணத்தில் அலகுக் கீறல் விழுந்திருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். கீறல் இருந்தால், பறவை அந்நிய முட்டையை அடையாளம் கண்டு குத்தியும் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். கீறலை எளிதாகக் காட்டும் விதத்தில் மேல்பூச்சு இல்லாத அக்ரிலிக்கே இந்த வேலைக்கு நல்லது. முட்டை குளிர்ந்து கிடந்தால் கூடு கைவிடப்பட்டதா என்று தனியாகக் குறிக்க வேண்டும். முட்டை வைக்காமல் வெறுமனே போய்ப் பார்த்துவரும் கூடுகளும் சில வேண்டும். நாம் போய் வருவதாலேயே கைவிடும் பறவைகள் உண்டு.

கதிர்க்குருவி மாதிரி, முட்டையைக் கவ்வ முடியாத சின்ன அலகுப் பறவைகளுக்கு, கூண்டில் வளர்க்கும் கேனரி அல்லது ஜீப்ரா ஃபிஞ்ச் பறவையின் கருவுறாத நிஜ முட்டைக்கு வண்ணம் பூசி வைப்பதே சரி. எந்த இரண்டு முட்டையும் ஒன்றுபோல் இருக்காது, ஓடு எளிதில் விரிசல் விடும், நாள்பட வைத்திருக்கவும் முடியாது. ஆனாலும் பறவையால் அதைக் குத்தித் தூக்க முடியும்.