ஒரே லிஸ்ட், மூன்று கிளாஸ்: யார் கையில் கொடுப்பது?

உதிரிப் பாகங்களின் இருப்பைக் கணக்கு வைக்கும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். பாகங்களைத் திரையில் காட்ட ஒரு கிளாஸ் (ஒரு வேலைக்கான கோடின் தொகுப்பு), பில் போட ஒன்று, மாத அறிக்கை எடுக்க ஒன்று. மூன்றுக்கும் வேண்டியது அதே லிஸ்ட். இதற்கு உள்ள வழிகளில் மூன்றை எழுதிப் பார்த்து, கடைசியில் ஒன்றில் நின்றுவிட்டேன். அதனால் இந்த ஒப்பீடு கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் சாயும்.

முதல் வழி, பப்ளிக் ஸ்டேட்டிக் லிஸ்ட், அதாவது புரோகிராம் முழுக்கப் பொதுவான ஒரே லிஸ்ட். எழுத ஒரே வரி, எங்கிருந்தும் எட்டும். வசதியும் அதுதான், வினையும் அதுதான். ஒரு டெஸ்ட் விட்டுப்போன பாகங்கள் அடுத்த டெஸ்ட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். நாளைக்கு இரண்டாவது கிடங்கு வந்தால் அதற்கென்று தனி லிஸ்ட் வைக்க வழியில்லை. இருநூறு வரியில் முடிந்து, வேலை ஆனதும் தூக்கிப்போடுகிற ஸ்கிரிப்ட் என்றால் சரி, தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, லிஸ்டை ஒரு இடத்தில் உருவாக்கி கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோடு) வழியாக மூன்று கிளாஸுக்கும் கொடுப்பது. எந்த கிளாஸுக்கு எது தேவை என்பது முகப்பிலேயே தெரிந்துவிடும். ஜாவா, சி ஷார்ப், பைத்தான் மூன்றிலும் இப்படிக் கொடுக்கும்போது நகல் போவதில்லை, ரெஃபரன்ஸ்தான் (லிஸ்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டு) போகிறது. லிஸ்ட் ஒன்று, அதைப் பிடித்திருக்கும் கைகள் மூன்று. (சி பிளஸ் பிளஸ்ஸில் வெக்டரை வேல்யூவாகக் கொடுத்தால் முழுசாக நகலாகும். அங்கிருந்து வருபவர்கள் முதலில் இதில்தான் குழம்புவார்கள்.)

இந்த வழியில் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓட்டினேன். முதல் அடி ‘புதுப்பி’ பட்டனில் விழுந்தது. திரை கிளாஸ் டேட்டாபேஸிலிருந்து பாகங்களை மறுபடி எடுத்து, தன் மாறியில் புது லிஸ்டைப் போட்டுக்கொண்டது. அறிக்கை கிளாஸ் பழைய லிஸ்டையே பிடித்துக்கொண்டிருந்தது. புது லிஸ்டைப் போடாமல், இருப்பதையே காலி செய்து நிரப்பியிருந்தால் தப்பித்திருப்பேன்.

இரண்டாவது அடிதான் பெரிசு. திரையில் மூன்றாவது வரியைத் தேர்ந்து ‘நீக்கு’ அழுத்தினால் சில சமயம் வேறு பாகம் காணாமல் போனது, அதுவும் சில நாள் மட்டும். நீக்கும் கோடை இரண்டு நாள் உற்று உற்றுப் பார்த்தேன், அதில் ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் பார்த்தால், அறிக்கை கிளாஸ் விலை வாரியாகக் காட்டுவதற்காக லிஸ்டை ஸார்ட் செய்திருந்தது. அது அடுக்கியது எல்லோரும் பிடித்திருந்த அதே லிஸ்டை. திரையில் இருந்ததோ பழைய வரிசை, நீக்குவதோ வரிசை எண்ணை வைத்து. அறிக்கை எடுத்த நாளில் மட்டும் தப்பு நடந்ததற்குக் காரணம் இதுதான். வரிசை எண்ணை நம்பியது என் தப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மூன்றுக்கும் நடுவே எனக்கு முடிவைச் சொல்லிக்கொடுத்தது ஒரே கேள்வி: லிஸ்ட் கெட்டுப்போனால் எத்தனை இடத்தில் தேட வேண்டும்? ஸ்டேட்டிக் என்றால் புரோகிராம் முழுக்க. கன்ஸ்ட்ரக்டர் வழி என்றால், லிஸ்ட் போன கிளாஸ் அத்தனையிலும். மூன்றாவது வழியில் ஒரே ஒரு கிளாஸில்.

அந்த மூன்றாவது வழி இது. ‘இருப்பு’ என்று ஒரு கிளாஸ், லிஸ்ட் அதற்குள் பிரைவேட்டாக. வெளியே தெரிவது சேர், நீக்கு, எண்ணால் தேடு, எல்லாம் கொடு என்ற நாலு மெத்தட்தான். மற்ற கிளாஸ்களுக்கு இருப்பு ஆப்ஜெக்ட் கன்ஸ்ட்ரக்டரில் போகும், லிஸ்ட் போகாது. ஒரே பாக எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற விதியை ‘சேர்’ உள்ளே ஒரு தடவை எழுதினால் போதும். யார் நீக்குகிறார்கள் என்று தெரிய வேண்டுமா, ‘நீக்கு’ உள்ளே ஒரு லாக் வரி. பின்னால் தேடல் மந்தமானபோது லிஸ்டை எடுத்துவிட்டு ஹேஷ்மேப் (எண்ணைக் கொடுத்தால் பாகத்தை நேராக எடுத்துத் தருவது) வைத்தேன், வெளியே ஒரு வரி மாறவில்லை. இது புது யோசனையும் இல்லை. மென்பொருள் ஆய்வாளர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட உதாரணமே, சேமித்த வரிகளை எல்லா மாட்யூலும் (புரோகிராமின் பகுதி) நேராகத் தொடுவதா, ஒரு மாட்யூலைக் கேட்டு வாங்குவதா என்பதுதான்.

கோட்டை விடுகிற இடம் ‘எல்லாம் கொடு’. அது உள்ளே இருக்கும் லிஸ்டையே திருப்பித் தந்தால் பிரைவேட் என்பது பேச்சுக்குத்தான். ஜாவாவில் ‘அன்மாடிஃபையபிள்லிஸ்ட்’ தருவது ஒரு ஜன்னல். பார்க்கலாம், கை வைத்தால் எக்ஸப்ஷன் (பிழை) வரும், உள்ளே நடக்கும் மாற்றம் மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும். அதை லூப்பில் ஓட்டும்போதே ‘இருப்பு’ கிளாஸ் ஒரு பாகத்தை நீக்கினால், த்ரெட் (புரோகிராமில் தனியாக ஓடும் ஒரு வேலைச்சரம்) ஒன்றே ஆனாலும் ‘கன்கரண்ட் மாடிஃபிகேஷன்’ எக்ஸப்ஷன் வந்து நிற்கலாம். ஜாவா 10இல் வந்த ‘லிஸ்ட்.காப்பிஆஃப்’ அந்த நேரத்து நகலைத் தரும், ஆனால் அதையும் மாற்ற முடியாது. சி ஷார்ப்பில் ‘ஐரீட்ஒன்லிலிஸ்ட்’ என்று வகையை மட்டும் மாற்றிக் கொடுத்தால், வாங்கியவர் மறுபடி லிஸ்டாக காஸ்ட் செய்து கை வைத்துவிடலாம். ‘ஆஸ்ரீட்ஒன்லி’ என்ற உறையைப் போட்டுக் கொடுப்பதே மேல்.

நகல் என்றதும் மெமரி போகுமே என்று பயப்பட வேண்டாம், நகலாவது ரெஃபரன்ஸ்கள்தான், பாகங்கள் இல்லை. அதனாலேயே நகலில் இருக்கும் ஒரு பாகத்தின் விலையை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். அதுவும் கூடாது என்றால் பாக கிளாஸையே மாற்ற முடியாததாக எழுத வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ‘விலையால் தேடு’, ‘பெயரால் தேடு’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் மெத்தட் சேர்த்து இருப்பு கிளாஸ் ஒரு கட்டத்தில் ஊதிவிட்டது, பாதியை வெட்டினேன். பல த்ரெட் ஓடும் இடத்தில் என் அனுபவம் கொஞ்சம்தான். எழுதுவது அபூர்வம், படிப்பதே அதிகம் என்ற ஒரு இடத்தில் ‘காப்பிஆன்ரைட்அரேலிஸ்ட்’ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது நகல் எடுக்கும் லிஸ்ட்) கைகொடுத்தது, அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்த ஸார்ட் வரி அறிக்கை கிளாஸில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ‘எல்லாம் கொடு’ இப்போது ஒவ்வொரு முறையும் புது அரேலிஸ்ட் (ஜாவாவின் வழக்கமான, மாற்றக்கூடிய லிஸ்ட்) ஒன்றைத் தருவதால், அது அடுக்குவது தன் சொந்த நகலை.